எண்ண வேண்டியதை அளக்காதீங்க!

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. போன வாரம் ஒரு நண்பர் தனிமடல் போட்டிருந்தார். "மேசை மேல வைக்கிற மில்லிங் மெஷினுக்கு நாலாவது அச்சு மாட்டினதா சொல்லியிருந்தீங்க. நானும் வாங்கிட்டேன். கேலிப்ரேஷனுக்கு நீங்க போட்ட எண் என்ன? அதையே நானும் போட்டுக்கறேன்"னு கேட்டிருந்தார்.

எண் ஒண்ணும் ராணுவ ரகசியம் இல்லை. அனுப்பிட்டேன். ஆனா அந்தக் கேள்வி உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நானும் இப்படித்தான், கேலிப்ரேஷன்னா திரையில ஒரு கட்டத்துக்குள்ள சரியான எண்ணைத் தட்டறதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த நினைப்பால இன்னொருத்தரோட ரெண்டு நாள் வேலை கெட்டுச்சு. அந்தக் கதையையும், அதுல இருந்து எனக்கு உண்டான கருத்தையும் இங்க எழுதி வச்சிடறேன். ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம் :-)

மெஷின் பக்கமே போகாதவங்களுக்காக ஒரு பத்தி. மில்லிங் மெஷின்ல கட்டர் சுத்தும், வெட்டற பொருள் மேசையில இருக்கும். இடவலமா நகர்ந்தா எக்ஸ், முன்னும் பின்னும் போனா ஒய், மேலயும் கீழயும் போனா இசட். இது மூணு அச்சு. இதோட கூட, பொருளை ஒரு சக்குல பிடிச்சு 'இத்தனை டிகிரி சுத்து'ன்னு சொன்னா அதே அளவு சுத்தி நிக்கிற ஒரு தலையை மேசையில மாட்டினா அது நாலாவது. எக்ஸுக்கு இணையா படுத்துக்கிட்டு சுத்தறதுக்கு ஏ அச்சுன்னு பேர். உருண்டைத் தண்டு மேல எழுத்து வெட்டலாம், ஆறு பட்டை போடலாம், கியர் வெட்டலாம். கியர்தான் நம்ம கதை.

63 பல்

எங்க ஏரியா கோயமுத்தூர் கணபதி பக்கம். லேத் சத்தம் கேக்காத தெரு கம்மி. அதுல ஒரு பட்டறைக்கார அண்ணன் எனக்குப் பழக்கம். அவரோட பழைய அங்குல லேத்துல, மரை வெட்டறப்ப மாட்டற சேஞ்ச் கியர்கள்ல 63 பல் கியர் உடைஞ்சு போச்சு.

ஏன் 63ங்கற விசித்திரமான கணக்கு? ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அதை அஞ்சால பெருக்கினா 127. அதனால அங்குல லேத்துல மில்லிமீட்டர் மரை அச்சு அசலா வரணும்னா 127 பல் கியர் வேணும். அது பெருசு, பல லேத்துல இடம் பத்தாது. 127ல பாதி 63.5. அரைப் பல் கிடையாதே, 63ஐப் போட்டு ஒப்பேத்தறது. நூத்துக்கு 0.8 பிசகும், சின்ன மரைக்கு அது தெரியாது.

இதை வழக்கமான டிவைடிங் ஹெட்ல வெட்டறதும் தலைவலி. ஐடிஐ படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: கைப்பிடியை 40 சுத்து சுத்தினா பொருள் ஒரு சுத்து. 63 பல்லுக்கு ஒவ்வொரு தடவையும் 40/63 சுத்து. இதைச் சுருக்கவே முடியாது. பிரவுன் அண்ட் ஷார்ப் தட்டு மூணுலயும் சேர்த்து பெரிய துளை வட்டமே 49தான். 63 கிடையாது. நேரடி இண்டெக்சிங் நடக்காது, டிஃபரென்ஷியல் போகணும்.

"தம்பி, உங்க மெஷினுக்கு என்னமோ சுத்தற தலை ஒண்ணு வாங்கியிருக்கறதா சொன்னீங்களே, அதுல வெட்ட முடியுமுங்களா?"ன்னு அண்ணன் கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கல. "அதெல்லாம் சப்பை மேட்டர்ங்ண்ணா"ன்னுட்டேன். மாட்யூல் 1, பல் 63, வெளி விட்டம் 65 மி.மீ., ஆழம் 2.25 மி.மீ. கட்டர் 7ஆம் நம்பர் (55 பல்லுல இருந்து 134 பல் வரைக்கும் அதான்). அவசரத்துக்கு டெல்ரின்ல வெட்டிக்கலாம்னு பேச்சு.

நான் செஞ்ச கேலிப்ரேஷன்

என்னோடது பெல்ட்ல ஓடற தலை. மோட்டார் புல்லியில 15 பல், பெரிய புல்லியில 90 பல், அதாவது 6க்கு 1. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், டிரைவர்ல எட்டு மைக்ரோஸ்டெப். ஆக 200 × 8 × 6 = 9600 ஸ்டெப் ஒரு சுத்துக்கு. 360ஆல வகுத்தா டிகிரிக்கு 26.6667. இதைப் போட்டாச்சு.

சரி, சோதிச்சுப் பார்ப்போம்னு சக்குல ஒரு கோடு போட்டு, பத்து சுத்து சுத்தச் சொன்னேன். முழு வேகத்துல சர்ருனு சுத்தி நின்னுச்சு. கோடு 14 டிகிரி முன்னாடியே நின்னுடுச்சு. 3600க்கு 3586.

இங்கதான் நம்ம புத்திசாலித்தனம் வேலை செஞ்சுது. எக்ஸ் அச்சுக்கெல்லாம் அப்படித்தானே பண்றோம்? 100 மி.மீ. போகச் சொல்லி, போன தூரத்தை அளந்து, விகிதம் போட்டு எண்ணை மாத்தறோம். அதே மாதிரி 26.6667ஐ 3600ஆல பெருக்கி 3586ஆல வகுத்தேன். 26.771. தட்டினேன். மறுபடி பத்து சுத்து. கோடு ஏறக்குறைய சரியா வந்து நின்னுச்சு. ஆஹா, கேலிப்ரேஷன் முடிஞ்சுதுடான்னு டீ குடிக்கப் போயிட்டேன்.

அடுத்த நாள் கியர் வெட்டினேன். 63 பள்ளம், பார்க்க அவ்வளவு அழகு. அண்ணன் கிட்ட குடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் போன்.

"தம்பி, ஒரு பல்லு மட்டும் கொழந்தப் பல்லாட்ட இருக்குதுங்க. சுத்துக்கு ஒருக்கா டக்கு டக்குங்குது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கடைசிப் பள்ளத்துக்கும் முதல் பள்ளத்துக்கும் நடுவுல இருக்கற பல், மத்ததுல பாதிதான். அவர் அந்த கியரை நம்பி மரை வெட்டற வேலை ஒண்ணை ஒத்துக்கிட்டிருந்தார். ரெண்டு நாள் லேத் சும்மா நின்னு, வேலை வேற பட்டறைக்குப் போயிடுச்சு. மனுஷன் ஒரு வார்த்தை திட்டல. "பரவால்லீங்க தம்பி, புதுசு பாருங்க, அப்படித்தான் இருக்கும்"னார். திட்டியிருந்தா தேவலாம் போல இருந்துச்சு. அவ்வ்வ்...

என்ன நடந்துச்சு?

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். அந்தப் பல்லோட பருமன் 1.57 மி.மீ. இருக்கணும். வெர்னியர்ல சுமார் 0.8. குறைஞ்சது 0.77. 31.5 மி.மீ. ஆரத்துல இது எத்தனை டிகிரி? 1.4. நான் மாத்தின எண்ணால ஒரு சுத்துக்கு எவ்வளவு கூடுதலா சுத்தும்? அதே 1.4!

அதாவது கியர் வெட்டறப்ப மெஷின் நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு. தப்பு என் எண்ணுல. அப்போ முந்தின நாள் பத்து சுத்துல 14 டிகிரி குறைஞ்சது எப்படி? மோட்டார் புல்லியைக் கழட்டிப் பார்த்தேன். உள்ள ஒரு கிரப் ஸ்க்ரூ. அது மோட்டார் தண்டுல இருக்கற பட்டையான இடத்துல உக்காராம, உருண்டையான பக்கத்துல உக்காந்திருந்துச்சு. வேகமா கிளம்பறப்பவும் நிக்கறப்பவும் புல்லி வழுக்கும். கியர் வெட்டறப்ப மெதுவா அஞ்சு அஞ்சு டிகிரியா நகர்றதால வழுக்கல. வழுக்கலுக்காக நான் கூட்டி வச்ச எண், வழுக்காத நேரத்துல பல்லைத் தின்னுடுச்சு.

இப்ப என் கருத்தைச் சொல்றேன். ரோட்டரி அச்சுக்கு டிகிரிக்கு எத்தனை ஸ்டெப்ங்கறது அளந்து கண்டுபிடிக்கற விஷயமே இல்லை. எண்ணிக் கண்டுபிடிக்கற விஷயம். மோட்டார்ல 200 ஸ்டெப், அது எண்ணிக்கை. புல்லியில 15ம் 90ம், அதுவும் எண்ணிக்கை. பல்லுக்குப் பல் மாட்டி ஓடற பெல்ட்ல 6ங்கறது 6.02 ஆக வழியே இல்லை. திருகு போல்ட்ல ஓடற எக்ஸ் அச்சுக்கு திருகோட பிட்ச் கொஞ்சம் பிசகியிருக்கலாம், அதனால அங்க அளந்து திருத்தறதுல நியாயம் உண்டு. வட்டத்துல அந்த நியாயம் கிடையாது. ஒரு சுத்து சுத்தினா ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தாகணும்.

எண்ணின எண்ணும் அளந்த எண்ணும் ஒத்துப் போகலைன்னா மெஷின்ல எங்கயோ நோய் இருக்குன்னு அர்த்தம். எண்ணை மாத்தறது, ஜுரம் அடிக்கறப்ப தெர்மாமீட்டரைத் திருத்தற மாதிரி. நோயைக் கண்டுபிடிக்கறதும் கஷ்டம் இல்லை:

- எத்தனை தடவை செஞ்சாலும், எந்த வேகத்துல செஞ்சாலும் ஒரே அளவு பிசகுதா? எண்ணறதுல தப்பு. புல்லிப் பல்லை மறுபடி எண்ணுங்க, டிரைவர்ல மைக்ரோஸ்டெப் சுவிட்சைப் பாருங்க. பெட்டி மேல போட்டிருக்கற விகிதத்தை நம்பாதீங்க.
- தடவைக்குத் தடவை, வேகத்துக்கு வேகம் மாறுதா? வழுக்குது, இல்லைன்னா மோட்டார் ஸ்டெப்பை விடுது.
- திசை மாத்தறப்ப மட்டும் பிசகுதா? பேக்லாஷ். எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து வந்து நிறுத்தப் பழகுங்க.

வழுக்கலைக் கண்டுபிடிக்க லேசர் எல்லாம் வேண்டாம். தண்டு மேலயும் புல்லி மேலயும் சேர்த்து மார்க்கர் பேனால ஒரே கோடு. ஓட்டின பிறகு கோடு ரெண்டா உடைஞ்சிருந்தா முடிஞ்சுது கதை. பத்து ரூபாய் பேனா என் மானத்தைக் காப்பாத்தியிருக்கும்.

இன்னொரு எண்ணிக்கைப் பிழையும் உண்டு. 26.6667 முடிவில்லாத தசமம். சோம்பேறித்தனமா 26.66னு போட்டா சுத்துக்கு 0.09 டிகிரி போச்சு. ஒரு கியருக்கு அது தெரியாது. ஆனா தண்டு மேல சுருள் சுருளா 100 சுத்து ஓடற வேலைன்னா 9 டிகிரி. அதே மாதிரி 360/63ஐ 5.71னு வச்சுக்கிட்டு 63 தடவை கூட்டிக்கிட்டே போனா 359.73லதான் முடியும். ஒவ்வொரு பல்லுக்கும் கோணத்தை ஆரம்பத்துல இருந்து கணக்குப் போட்டுக் குடுக்கணும். கூட்டிக் கூட்டிப் போகக் கூடாது.

எண்ணறதோட மகிமை புதுசு இல்லை. 1770கள்ல இங்கிலாந்துல ஜெஸ்ஸி ராம்ஸ்டென், கடல் பயணக் கருவிகளுக்கு டிகிரிக் கோடு போட ஒரு மெஷின் செஞ்சார். 45 அங்குலச் சக்கரம், விளிம்புல 2160 பல். திருகை ஒரு சுத்து சுத்தினா சரியா ஒரு டிகிரியில ஆறுல ஒரு பங்கு. கப்பல்காரங்க நம்பினது அந்த எண்ணிக்கையை.

அப்போ எதை அளக்கணும்?

எண்ண முடியாததை அளக்கணும். சுத்தற அச்சு எக்ஸுக்கு இணையா இருக்கா, அதோட மையம் எங்க இருக்கு. இந்த ரெண்டும்தான் உண்மையான கேலிப்ரேஷன். இதுக்கு விலை உயர்ந்த கருவி வேணும்னு நினைக்கிறோம். தேவையே இல்லை. வீடு கட்டின மேஸ்திரி ரசமட்டத்தை வச்சுப் பார்த்துட்டு, அதையே திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்ப்பார், கவனிச்சிருக்கீங்களா? குமிழி ரெண்டு தடவையும் ஒரே பக்கமா நின்னா தளம் கோணல், பக்கம் மாறினா மட்டமே கோணல். தராசுல தட்டு மாத்தி நிறுக்கறதும் அதேதான். நம்ம ஏ அச்சுக்கு இது கரும்பு தின்னக் கூலி. 180 டிகிரி திருப்பிப் போடறதுதானே அதோட பிறவி வேலையே!

முதல்ல இணை. நேரான தண்டு ஒண்ணை சக்குல பிடிச்சு, ஸ்பிண்டில்ல டயல் கேஜை மாட்டி, தண்டோட பக்கவாட்டுல 100 மி.மீ. ஓட்டறோம். 0.08 காட்டுது. உடனே தலையைத் தட்டி நகர்த்தாதீங்க. மூணு தாடை சக் எதுவும் தண்டை நேரா பிடிக்காது. ஏ அச்சை 180 சுத்தி மறுபடி ஓட்டுங்க. இப்ப −0.02ன்னு வச்சுக்குவோம். ரெண்டோட சராசரி 0.03. அதுதான் தலையோட கோணல், அதை மட்டும் திருத்தினா போதும். மீதி 0.05 சக்கோட குத்தம். முதல் தடவை நான் திருப்பிப் பார்க்காம சக்கோட குத்தத்துக்குத் தலையைத் தண்டிச்சுட்டேன். பக்கவாட்டுல முடிச்சதும் தண்டோட மேல்பக்கத்துலயும் இதே வேலை. டெயில் ஸ்டாக் வைக்கறப்ப டயல் தண்டு மேலயே இருக்கட்டும். கூர்முனை வந்து தண்டைத் தொடறப்ப ஊசி அசைஞ்சா டெயில் ஸ்டாக் இடம் தப்பு, அது தண்டை வளைக்குது.

அடுத்து மையத்தோட உயரம். தண்டுல மேல ஒரு பட்டை வெட்டுங்க, அச்சுல இருந்து 10 மி.மீ. உயரம்னு மெஷின் நம்பற இடத்துல. 180 சுத்துங்க. இசட்டைத் தொடாம இன்னொரு பட்டை. மைக்ரோமீட்டர்ல பருமன் 20.00 வந்தா உங்க கணக்கு சரி. 20.12 வந்தா மையம் 0.06 தப்பு. ஒய்க்கு இதே மாதிரி: மேல இருந்து பாதி ஆழத்துக்கு ஒரு காடி, 180 சுத்தி அந்தப் பக்கம் இருந்து மீதி. நடுவுல படி தட்டினா, படியில பாதிதான் ஒய்யோட பிசகு. திருப்பிப் போடறதுல இருக்கற அழகு இதுதான். தப்பு ரெண்டு மடங்கா தெரியும், மறைக்கவே முடியாது.

கியர் கட்டர் படுத்த வாக்குல சுத்தும், அதனால அதோட நடு, அச்சோட உயரத்துல இருக்கணும். இல்லைன்னா பல்லெல்லாம் ஒரு பக்கமா சாயும். கட்டரோட அடி முகத்தால தண்டோட தலையைத் தொட்டு இசட்டைக் குறிச்சுக்கணும். மேல் முகத்தால தண்டோட அடியைத் தொட்டுக் குறிச்சுக்கணும். ரெண்டுக்கும் நடு எதுவோ அதுதான் இடம். கட்டர் எவ்வளவு பருமன், தண்டு எவ்வளவு விட்டம்னு தெரியவே வேண்டாம். வெட்டின கியரையும் திருப்பி மாட்டிப் பாருங்க. ஒரு பக்கம் வழுவழுன்னு ஓடி, மறுபக்கம் இறுகினா பல் சாஞ்சிருக்கு.

திசையையும் ஒரு தடவை பார்த்துக்குங்க. பொருள் எந்தப் பக்கம் சுத்தினா கூட்டல்னு நிரல் நினைக்குதோ அதே பக்கம் மெஷினும் சுத்தணும். மாறினா எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி வெட்டுப்படும். நான் அதையும் செஞ்சு பார்த்துட்டேன் :-(

ஒரு எதிர்வாதம்

"எண்ணைத் திருத்தவே கூடாதுன்னா, அப்புறம் பிழைத்திருத்த அட்டவணைன்னு மென்பொருள்ல எதுக்கு வச்சிருக்கான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. புழு கியர் போட்ட தலையில, சக்கரம் மையம் தள்ளி உக்காந்திருந்தா சுத்துல ஒரு பாதி முந்தும், ஒரு பாதி பிந்தும். அது தடவைக்குத் தடவை மாறாது. இந்த மாதிரி மாறாத பிழையை அட்டவணை போட்டுச் சரிக்கட்டலாம், தப்பே இல்லை. ஆனா அதுலயும் பாருங்க, முழுச் சுத்து முடியறப்ப பிழை பூஜ்யத்துக்கு வந்துடும். சுத்துக்கு இத்தனை ஸ்டெப்ங்கற எண்ணை அது தொடறதில்லை. மாறாத நோய்க்குத்தான் கண்ணாடி. மாறிக்கிட்டே இருக்கற நோய்க்கு ஸ்க்ரூடிரைவர்.

என் தலையோட எல்லையையும் ஒத்துக்கறேன். ஒரு மைக்ரோஸ்டெப் 0.0375 டிகிரி. அந்த கியரோட ஆரத்துல 0.02 மி.மீ. ஷெர்லைன் மாதிரி 72க்கு 1 புழு கியர் தலையில அரை ஸ்டெப்லயே 0.0125 டிகிரி கிடைக்கும். காசு இருந்தா அதை வாங்கலாம். ஆனா அதுலயும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்தா அரைப்பல்தான். நாலாவது அச்சு வாங்கப் போறவங்க அடிக்கடி கேக்கற 'எது வாங்கலாம்?' கேள்வியை விட, 'வாங்கினதை எப்படி சந்தேகப்படறது?'ங்கற கேள்விதான் முக்கியம்னு எனக்குப் படுது.

அண்ணனுக்கு ரெண்டாவது கியர் வெட்டினேன். 26.6667, கிரப் ஸ்க்ரூ பட்டையில, மார்க்கர் கோடு உடையல, திருப்பிப் போட்டு எல்லாம் பார்த்தாச்சு. கடைசிப் பல்லையும் முதல் பல்லையும் கண்ணால பிரிச்சுச் சொல்ல முடியல. போன வேலையை என்னால திருப்பித் தர முடியாது. கியருக்குக் காசு வாங்கல, அவ்வளவுதான். இப்ப அவர் லேத்துல அதுதான் ஓடுது. நான் குடுத்த அரைப்பல் கியரைத் திருப்பிக் கேட்டேன். தர மாட்டேங்கறார். அவர் மேசை மேல வச்சிருக்கார், வர்றவங்க எல்லாருக்கும் எடுத்துக் காட்டிச் சிரிக்கறார்.

தனிமடல் நண்பரே, நான் அனுப்பின 26.6667 என் புல்லியோட எண். தயவுசெஞ்சு அதை அப்படியே தட்டிடாதீங்க. மூடியைக் கழட்டி உங்க புல்லிப் பல்லை எண்ணுங்க. எத்தனை வந்துச்சுன்னு இங்க சொல்லுங்க.

பி.கு.: புல்லிப் பல்லை எண்றப்ப ஆரம்பிச்ச பல்லு மேல மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சுக்குங்க. 90க்கு 91னு எண்ணி ஒரு மணி நேரம் முழிச்ச அனுபவம் பேசுது.